கொரியாக்கா விழுங்கிய சொற்கள்

ஒரகடத்துக்குத் தெற்கே, ஏரி வற்றிப்போன பள்ளத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வரிசையாகக் கட்டிவிட்ட நாற்பது ஓட்டு வீடுகளில் ஏழாவது வீட்டில், ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அஞ்சலாட்சி கண் விழித்தபோது, பாயைச் சுற்றித் தரையெல்லாம் சதுரச் சதுரமாகக் கல் கிடந்தது. உள்ளங்கை அகலம், இரண்டு விரல் கனம், ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு கொரிய எழுத்து புடைத்துக்கொண்டு நின்றது. அவள் எழுந்து உட்கார்ந்து ஏழெட்டுக் கல்லைச் சேர்த்துப் படித்தாள். முந்தின நாள் மத்தியானம் மூன்றாவது லைனில் கொரியா மேனேஜர் பேக் சார், அங்கே வேலை செய்கிற கலியபெருமாளைப் பார்த்து, தலையைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வந்தாயா என்று கத்தியதும், அதை அவள், "கொஞ்சம் கவனமா பாக்கச் சொல்றாரு" என்று தமிழில் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது. தலையும் பஸ்ஸும் தரையில் கிடந்தன. பஸ்ஸுக்கு நேரமாகிறதே, இதையெல்லாம் யார் பெருக்கித் தள்ளுவது என்றுதான் அவளுக்குச் சலிப்பாக இருந்தது.

அவள் வேலை அப்படி. கார் கதவு செய்கிற கம்பெனி அது, ஊரில் கதவுக் கம்பெனி என்பார்கள். ஆரம்பத்தில் பத்துப் பெண்களைப் பொறுக்கியெடுத்து ஆறு மாதம் கொரியாவுக்கு அனுப்பினார்கள். ஒன்பது பேர் போட்டோவோடு திரும்பி வந்தார்கள், அஞ்சலாட்சி மட்டும் பாஷையோடு வந்தாள். அன்றிலிருந்து பதினோரு வருஷம், அவர்கள் சொன்னதை இவர்களுக்கும் இவர்கள் சொன்னதை அவர்களுக்கும் சொல்லிச் சொல்லி, அவள் தனக்கென்று ஏதாவது பேசி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. தகட்டில் வெட்டிய கதவுக்குப் பிசிறு எடுக்க லைனில் நாலு பேர் நிற்பார்கள், இல்லாவிட்டால் தொட்டவன் கையைக் கிழித்துவிடும். பேச்சுக்குப் பிசிறு எடுக்க இவள் ஒருத்திதான். மாடு என்று சொன்னால் தம்பி என்பாள், ஒழிந்துபோ என்றால் அப்புறம் பேசிக்கலாமாம் என்பாள். இந்தப் பக்கத்து ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதை, யோசித்துச் சொல்கிறார்களாம் என்று அந்தப் பக்கத்துக்குச் சொல்வாள். இப்படி எடுத்த பிசிறெல்லாம் எங்கே போகும்? அதைப் பற்றி அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வரிசை வீட்டு ஜனங்கள் இரண்டு நாள்தான் வாயைப் பிளந்தார்கள். மூன்றாம் நாள் மேஸ்திரி பெண்டாட்டி அலமேலு ஒரு சொம்பு வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்து, "கல்லுன்னா இதாங்க்கா மருந்து, வெறும் வயித்துல குடி" என்று நீட்டினாள். இது அந்தக் கல் இல்லை என்று சொல்லக்கூட அசந்துபோய் அஞ்சலாட்சி அதையும் குடித்தாள். மறுநாள் வழக்கத்தைவிட இருபது கல் கூடுதல். பேக் சார் அன்று மாலைக்குள் வேலை முடியவில்லை என்று ஆடித் தீர்த்திருந்தார், அவ்வளவுதான். வார்டு மெம்பர் வந்து ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். சுகாதார நர்சம்மா கொசு உற்பத்தியாகாது என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

கல் எங்கிருந்து வருகிறது என்று அஞ்சலாட்சி சொன்னதும், கம்பெனி ஆட்களுக்கு அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது. "அடேங்கப்பா, இம்மாம் திட்டா எங்களுக்கு வுழுந்துது? எல்லாத்தையும் நீயா முழுங்கின?" என்று கலியபெருமாள் கையெடுத்துக் கும்பிட்டான். ஆளாளுக்கு வந்து, என் திட்டு எது, என் திட்டு எது என்று கேட்டார்கள். அவள் பொறுக்கிக் கொடுத்ததை ஒருவன் ஊறுகாய் ஜாடி மேல் பாரமாக வைத்தான், ஒருத்தி ஆடுகிற கட்டிலுக்கு முட்டுக் கொடுத்தாள். கொரியாக்கா, கொரியாக்கா என்று குழம்பும் கருவாடும் வீடு தேடி வந்தன. பதினோரு வருஷத்தில் யாரும் அவளை இப்படிக் கொண்டாடியதில்லை. அந்த அசதியிலும் அவளுக்கு அது இனிக்கத்தான் செய்தது.

கல்லை முதலில் சரியாகப் பார்த்தவர் தணிகாசலம் மேஸ்திரிதான். பள்ளத்தில் கட்டிய வீடுகள், ஐப்பசி வந்தால் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அடுப்பு மிதக்கும். அவர் நாலு கல்லை மாற்றி மாற்றிப் பதித்துப் பார்த்துவிட்டு, "இந்தா, அடியில ஒரு முட்டு வெச்ச எழுத்து இருக்குது பாரு, அது ஒக்காந்தா அசையாது. முட்டு இல்லாதது மேலதான் கனமா கீது, கொஞ்சம் ஆடும். அத ஓரத்துல போட்டு, இத நடுவுல போடணும்" என்றார். மனுஷனுக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் எழுத்தின் அடியில் இன்னொரு மெய் வந்து தாங்கும் என்கிறதைக் கொரியப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ கிட்டத்தட்ட அப்படியே அவர் சொன்னார். கல்லைக் கிடந்த வரிசைப்படியே எடுத்து, வரிசைப்படியே பதிப்பது அவர் வழக்கம்; கலைத்தால் மட்டம் போய்விடும் என்பார். அஞ்சலாட்சி வேலைக்குப் போகிற நேரத்தில் அவரே பூட்டைத் திறந்து அள்ளிக்கொள்ளட்டும் என்று ஒரு சாவியும் கொடுத்துவைத்தாள். ஐப்பசிக்குள் சந்து, அடியில் மண்ணும் மேலே கல்லுமாக, ஒரு முழம் உயர்ந்துவிட்டது. அந்த வருஷம் ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை.

தை மாதம்தான் அது நடந்தது.

எட்டாவது வீட்டு ஏகாம்பரம் கதவுக் கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ்ஸில் வேலை செய்கிறவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு மூன்றாவதுக்கும் நின்றான். மத்தியானம் இரண்டு மணி இருக்கும், பேக் சார் நடந்து போகிறவர் நின்று, அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரைச்சல் இல்லாமல் அஞ்சலாட்சியிடம் இரண்டு வாக்கியம் சொன்னார். அந்த ஆள் கை நடுங்குகிறது. இன்றைக்கு அவரை ஓய்வெடுக்க விடுங்கள். அவ்வளவுதான். பேக் சார் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து அவள் கேட்டதே இல்லை.

அவள் ஏகாம்பரத்திடம் போய், "பாத்துச் செய்யச் சொல்றாருப்பா" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால், அவளிடம் இரண்டு பதில் இருக்கிறது. நடுவில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவனை அந்தக் கம்பெனியில் மறுபடி கூப்பிடுவதில்லை, அதனால் மறைத்தாள் என்பது ஒன்று. அது நிஜம்தான். இன்னொன்று, அவனை அனுப்பினால் மாற்று ஆள் தேட வேண்டும், சூப்பர்வைசரிடம் விளக்க வேண்டும், படிவம் எழுத வேண்டும், அரை மணி நேரம் நின்று பேச வேண்டும். அவளுக்கும் அன்றைக்கு அது இரண்டாவது ஷிப்டு, கால் கெஞ்சியது. அதுவும் நிஜம். பாதி இரக்கம், பாதி அசதி. எது எத்தனை என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றே முக்காலுக்குப் பிரஸ் ஏகாம்பரத்தின் வலது கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டது.

அன்றைக்கெல்லாம் அஞ்சலாட்சி அவன் பெண்டாட்டி குமுதவல்லியைத் தாங்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கிடந்தாள். மறுநாள் கம்பெனியில் விசாரணை. முன்கூட்டி எச்சரித்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்துச் செய்யச் சொன்னோம் என்றாள். அதை அப்படியே எழுதி, தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்து, மொழிபெயர்ப்பாளர் என்கிற இடத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். பேக் சார் அதற்குமுன் அந்தக் காலையிலேயே அவசரமாக ஊருக்குப் போய்விட்டிருந்தார், திரும்பி வரவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்கு அப்போதுதான் கல் ஞாபகம் வந்தது. தரை துடைத்துவிட்டமாதிரி சுத்தமாக இருந்தது.

"பதினாறே கல்லுதான் கெடந்துது," என்றார் மேஸ்திரி. "எல்லாம் முதல் தரம். ஏகாம்பரம் வூட்டு வாசப்படி பேர்ந்து கெடந்துது இல்ல? கட்டோட வர்ற புள்ள, தடுக்கி வுழுந்துட்டா? அதான் ரெண்டு வரிசையா, வரிசைக்கு எட்டா பதிச்சு சிமெண்ட் பூசிட்டேன்."

"அத எடுத்துட்டு வேற போடுங்களேன்."

"செட்டாயிடுச்சும்மா. இனி உளி வெச்சாத்தான் வரும். ஏன், எதாவது கெட்ட வார்த்தையா?"

"இல்ல," என்றாள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தான். வந்தவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான், அப்படியே இருந்தான். வலது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான். கவனமில்லாமல் செய்துவிட்டேன், கவனமில்லாமல் செய்துவிட்டேன் என்று முதலில் பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தான், அப்புறம் அதையும் நிறுத்திவிட்டான். குமுதாவும் முதலில் அழுதாள், அப்புறம் கத்தினாள். "பாத்துச் செய்னு கொரியாக்கா வந்து சொல்லியும் கேக்காம கைய வுட்டியே, மனுஷனா நீ?" என்று அவள் கத்துவது ஏழாவது வீட்டுச் சுவர் வழியாக நன்றாகக் கேட்கும். அஞ்சலாட்சி அப்போதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்ப்பாள்.

பங்குனியில் ஒரு நாள் குமுதா ஒரு அட்டைப்பெட்டிக் கிழிசலோடு வந்து நின்றாள். "அக்கா, லேபிள் செக்சன்ல பொம்பளைங்கள எடுக்கறாங்களாம். ஒக்காந்து பாக்கற வேல. ஆனா பெட்டி மேல இருக்கற கொரியா எழுத்தப் படிக்கணுமாம். எனக்குச் சொல்லித் தர்றீங்களாக்கா? இந்தாளு இனி எழுந்துக்கற மாதிரி தெரியல. நான் போனாத்தான் ஆச்சு."

என்ன சொல்லுவாள்? முடியாது என்று சொல்ல வாய் வருமா? சொல்லித் தந்தால் ஒரு நாள் இவள் தன் வாசப்படியைக் குனிந்து பார்ப்பாள். சொல்லித் தராவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அஞ்சலாட்சி தலையாட்டினாள். அன்று சாயங்காலமே, கம்பெனியிலிருந்து வந்த களைப்போடு, அந்தப் பதினாறு கல்லின் மேலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து ஆரம்பித்தார்கள். சந்தில் வேறு எங்கேயும் காற்று வரவில்லை.

"மொதல்ல ஒரு மெய். அதுக்கு ஒரு உயிர். நிக்கற கோடா இருந்தா மெய்க்கு வலப்பக்கத்துல நிக்கும், படுத்த கோடா இருந்தா மெய்க்குக் கீழ படுத்துக்கும். அதுக்கும் அடியில இன்னொரு மெய் வந்தாலும் வரும், வராமலும் போகும். எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள."

"உயிர் மட்டும் தனியா வந்தா?"

"தனியா வராது. மெய் இருக்கற எடத்துல சும்மாடு மாதிரி ஒரு வளையம் வெச்சுகினுதான் வரும். அந்த எடத்துல அதுக்குச் சத்தம் கெடையாது. சும்மா எடத்தப் புடிச்சுகினு ஒக்காந்திருக்கும்."

"எங்க வூட்டுக்காரரு மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் குமுதா. உள்ளே ஏகாம்பரம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது கேட்டது.

குமுதாவுக்குக் கற்பூர புத்தி. சித்திரையில் கட்டத்தைப் பிரிக்கவும் சேர்க்கவும் வந்துவிட்டது. வைகாசியில் வாக்கியம் ஆரம்பித்தார்கள். யார் முதலில், எதை என்பது நடுவில், என்ன செய்தார் என்பது கடைசியில், நாம் 'க்கு', 'ல', 'லேர்ந்து' என்று வார்த்தைக்குப் பின்னால் ஒட்டுகிறமாதிரியே அவர்களும் ஒட்டுகிறார்கள் என்று தெரிந்ததும், "அட, நம்மாளுங்கதான் போலருக்கு!" என்று அவள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். வந்தான், வந்தாள் என்று ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று வினையில் கிடையாது, ஆனால் பெரியவங்களுக்கு மரியாதையாகக் கடைசியில் தனியாக முடிக்க வேண்டும் என்றதும் மேஸ்திரி வீட்டு அலமேலு, "அப்ப புருஷனத் திட்டறப்ப எப்படி முடிக்கறது?" என்று கேட்டாள். அதற்குள் சந்தில் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். தினமும் மிதிக்கிற தெரு, படித்துத்தான் பார்ப்போமே என்று விளக்குமாற்றோடு குனிந்து குனிந்து எழுத்துக் கூட்டினார்கள். கலியபெருமாளின் தலையும் பஸ்ஸும் குடிதண்ணீர்க் குழாயடியில் கிடைத்தன. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அஞ்சலாட்சியும் சிரித்தாள், ஒவ்வொரு நாளும் படிப்பு முடிந்து எழும்போது, இன்றைக்கும் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்வாள். தானாகச் சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறப்பாள். வேறு எதையாவது கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ஆனி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்குக் குமுதா வாசலைக் கழுவிவிட்டாள். தேய்த்துக் கழுவிய தண்ணீர் வடிந்து, எழுத்தில் அடைந்திருந்த சிமெண்டும் புழுதியும் போய்க் கல் பளிச்சென்று ஆனதும், கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். கம்பெனிச் சுவரெல்லாம் எழுதியிருக்கும் என்று அஞ்சலாட்சி பாடத்தில் எழுதிக் காட்டியிருந்த வார்த்தை ஒன்று நடுவில் இருந்தது. மேலே கூரை மாதிரி இரண்டு கோடு, கீழே படுத்த உயிர், அடியில் முட்டாக ஒரு மெய். சோன். கை ஜாக்கிரதை என்று போட்டிருப்பார்களே, அந்தக் கை.

"அக்கா!" என்று கூப்பிட்டாள். "அக்கா, சீக்கிரம் வாங்களேன்!"

அஞ்சலாட்சி அப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். குரலிலேயே தெரிந்துபோயிற்று. எண்ணெய்க் கையோடு வந்து நின்றாள். அலமேலுவும் வந்தாள், குழாயடியில் இருந்தவர்களும் வந்தார்கள்.

குமுதா கால் கட்டைவிரலை ஒவ்வொரு கல்லாக வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஜொ, சா, ராம். சோன், இ. அப்புறம் மூன்று கல் அவளுக்கு வாயில் நுழையவில்லை, திக்கித் திக்கி முடித்தாள். அடுத்த வரிசை. ஓ, நுல், உன். மறுபடியும் இரண்டு கல் தடுமாறியது. ஹா, சே, யோ. "அந்த ஆளு. கை. அப்புறம் என்னமோ. இன்னிக்கி, என்னமோ, செய்யுங்க," என்றாள். நிமிர்ந்தாள். "இது எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருந்தப்ப மேஸ்திரி போட்ட படி. அப்ப மொத நாள் சொன்னது. அந்த ஆளுன்னா யாருக்கா? ரெண்டு வார்த்த தெரியல எனக்கு. இன்னான்னு சொல்லுங்க."

எல்லோரும் அஞ்சலாட்சியைப் பார்த்தார்கள். அவளுக்குச் சொல்லவா தெரியாது? அந்த ஆள் கை கெட்டிக்காரக் கை, இன்றைக்கு நன்றாகச் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தால் சந்தே கைதட்டியிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம், தானாக வந்து நின்றது. அவள் எச்சிலை விழுங்கினாள். இதையும் மாற்றிச் சொன்னால் நாளைக் காலையில் மறுபடியும் கல் விழும், அதையும் இவள் ஒருநாள் படிப்பாள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்த ஆள் கை நடுங்குது," என்றாள். "இன்னிக்கி அவர ஓய்வெடுக்க வுடுங்க."

அலமேலு வாய்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நீ வந்து பாத்துச் செய்னு சொன்ன," என்றாள் குமுதா.

"ஆமா."

"இத்தன நாளு இதும்மேல ஒக்காந்துகினுதான் எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தியா?"

"ஆமா."

"தெரிஞ்சுகினே?"

"தெரிஞ்சுகினேதான். என் வாயால சொல்ல வரல குமுதா. கால் வலி, தூக்கம், அவரு வேல போயிடுமேன்ற நெனப்பு, எல்லாம் சேந்து அன்னிக்கி அப்படிச் சொல்லிட்டேன். அப்புறம் கையெழுத்தும் போட்டுட்டேன்."

குமுதா துடைப்பத்தைக் கீழே போட்டாள். அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அடிக்கவில்லை. "அஞ்சு மாசமா நான் அந்த மனுஷன என்னென்ன பேச்சு பேசினேன்," என்றாள். "ஒவ்வொரு நாளும் பேசினேனே, பாவி." பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கி ஒம்போது மணிக்கு ஆபீசுக்கு வர்ற. நானும் வர்றேன். இத அங்க அப்படியே சொல்ற. அவங்க என்ன சொன்னாலும் அதையும் எனக்கு அப்படியே சொல்ற, காறித் துப்புனாலும் சரி. உன் வேல போனாலும் சரி. எனக்கு இப்பக் கொஞ்சம் படிக்கத் தெரியும்," என்றாள்.

"சரி," என்றாள் அஞ்சலாட்சி.

அப்போது ஏகாம்பரம் வெளியே வந்தான். ஐந்து மாதத்தில் அவன் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வெயில் கூசியது போலிருக்கிறது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஈரப்படியிலேயே உட்கார்ந்தான். துண்டு நழுவியதை அவன் கவனிக்கவில்லை. இரண்டு விரல் கையால் ஒரு கல்லைத் தடவினான்.

"அக்கா," என்றான். "பேக் சார் அப்ப எவ்ளோ தூரத்துல நின்னுகினு இருந்தாரு?"

"ஒரு பத்தடி இருக்கும்."

"பத்தடிலேர்ந்தே தெரிஞ்சுதா?" என்றான். "நடுக்கம் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நான் இந்தக் கையால அந்தக் கைய இறுக்கிப் புடிச்சு அமுக்கிகினு இருந்தேன்க்கா. நீ கிட்ட வந்தப்ப வுட்டுட்டேன். உனக்காவது தெரியட்டும்னு."

அதைப் பிசிறு எடுத்து அஞ்சலாட்சிக்குச் சொல்ல நடுவில் யாரும் இல்லை.